எல்லோரும் கொண்டாடும் சிலர்

மௌனியின் கதைகள் எனக்குப் பிடிபடவில்லை என்று இலக்கியம் படிப்பவர்கள் கூடியிருக்கும் இடத்தில் சொன்னால், "இன்னொரு தடவை நிதானமாகப் படித்துப் பாருங்கள்" என்பார்கள். அல்லது எதுவும் சொல்லாமல் ஒரு புன்னகையோடு பேச்சை வேறு பக்கம் திருப்பிவிடுவார்கள். முதலாவதை அக்கறை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டாவதோடு வாதாடவும் முடியாது, அதை மறக்கவும் முடியாது.

பெரிய எழுத்தாளர்கள் என்று எல்லோரும் ஒருமுகமாகச் சொல்கிறவர்களில் சிலரிடம் எனக்கு ஒட்டுதல் வரவே இல்லை. அவர்களைக் குறைத்துக் காட்டும் எண்ணம் எனக்குக் கிடையாது. காரைக்குடியில் உட்கார்ந்துகொண்டு நான் ஒருத்தி சொல்வதால் அவர்களுடைய இடம் குறையப்போவதும் இல்லை. ஆனால், நல்ல வாசகர்கள் என்று நான் மதிக்கிறவர்கள் உருகிப் படிக்கும் ஒரு புத்தகத்தின் முன், நான் மட்டும் பந்தியில் அழைப்பில்லாமல் வந்து அமர்ந்தவளைப்போல ஏன் நெளிந்துகொண்டிருக்கிறேன் என்பது கேட்டுப் பார்க்க வேண்டிய கேள்வியாகவே படுகிறது. பொறுமை இல்லை, பயிற்சி போதாது, வயது வரவில்லை என்று பொதுவாகச் சொல்லும் காரணங்கள் எனக்குப் பொருந்தவில்லை. ஐந்தொகை என்ற வரவு செலவுக் கணக்கு எழுதும் வீட்டில் பிறந்தவளுக்குப் பொறுமை கூடுதலாகவே இருக்கும். பயிற்சியும் ஓரளவு உண்டு. வயதோ, இனி வருவதற்கு ஒன்றுமில்லாத அளவுக்கு வந்துவிட்டது.

மௌனியிலிருந்தே தொடங்குகிறேன். 1907இல் பிறந்து 1985 வரை வாழ்ந்தவர். 'மணிக்கொடி' இதழ் வந்துகொண்டிருந்த காலத்தில் எழுத வந்து, வாழ்நாள் முழுவதற்குமாக ஏறத்தாழ 24 கதைகள் மட்டுமே எழுதியவர். ஆகவே நீளத்தைக் குறை சொல்ல வழியில்லை. மதியச் சாப்பாட்டை முடித்துவிட்டு வீட்டு நடுமுற்றமான வளவில் உட்கார்ந்தால் விளக்கு வைப்பதற்குள் பாதிக்கு மேல் படித்துவிடலாம். மொழி கடினம் என்பார்கள். எனக்கு அதுவும் பெரிய தடையாக இல்லை. வாக்கியங்கள் திருகிக்கொண்டு போனாலும் அவர் எதைத் தொட முயல்கிறார் என்பது தெரியத்தான் செய்கிறது.

'அழியாச்சுடர்' கதையை எடுத்துக்கொள்கிறேன். கோயிலில் ஒரு பெண்ணைப் பார்த்த இளைஞன், சன்னிதியில் வைத்து, அவளுக்காக எதையும் செய்யக் காத்திருப்பதாகச் சொல்லிவிடுகிறான். ஒன்பது ஆண்டுகள் கழித்து அவளை மறுபடியும் கோயிலில் பார்க்கிறான். தூணில் நிற்கும் யாளி, கருவறையின் இருள், அவளுடைய பார்வை ஆகியவற்றைக் கொண்டு மௌனி எழுப்பும், அச்சமும் பரவசமும் கலந்த அந்த உணர்ச்சியில்தான் அவருடைய வாசகர்கள் கிறங்கிப்போகிறார்கள். அந்த இடத்துக்கு வரும்போது நான் வேறொன்றை நினைத்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒன்பது ஆண்டுகளும் அவள் எங்கே இருந்தாள்? எந்த வீட்டில் வாழ்ந்தாள், அது காசு புழங்கிய வீடா, கைமாத்து வாங்கிக் காலம் தள்ளிய வீடா, மனசு விட்டுப் பேச அங்கே அவளுக்கு ஓர் ஆள் இருந்ததா? கதை இந்தக் கேள்விகளுக்காக எழுதப்படவில்லை என்பது எனக்குத் தெரியும்; மௌனியின் உலகத்தில் யாரும் கடைக்குப் போய் அரிசி வாங்குவதில்லை. ஆனால் என் மனம் அங்கேதான் போய் நிற்கிறது. அவளுக்கு இரண்டு கண்களைத் தவிர வேறெதுவும் தரப்படவில்லையே என்ற குறை, அந்தக் கண்களின் ஒளியைப் பார்க்கவிடாமல் என்னைத் தடுத்துவிடுகிறது.

இதில் என்னைச் சங்கடப்படுத்துவது புதுமைப்பித்தனின் வாக்கு. மௌனியைச் சிறுகதையின் திருமூலர் என்று சொன்னவர் அவர்தான். என் வாசிப்பில் புதுமைப்பித்தன் சொல்லுக்கு மேல் சொல் கிடையாது. (எங்கள் ஊரிலிருந்து வந்த 'ஊழியன்' பத்திரிகையில் அவர் சிறிது காலம் வேலை பார்த்தார் என்பதால் வந்த ஊர்ப்பாசமும் இதில் கொஞ்சம் கலந்திருக்கலாம்.) ஜவுளிக்கடைச் சம்பளத்தை வைத்துக்கொண்டு சென்னையில் நோயாளி மனைவியோடு காலம் தள்ளும் பிரமநாயகம் பிள்ளையை அவர் 'செல்லம்மாள்' கதையில் காட்டும்போது, அந்த அடுப்படியில் எத்தனை பாத்திரம் இருக்கும் என்றுகூட என்னால் சொல்லிவிட முடியும். அப்படி எழுதியவர் மௌனியிடம் எதைக் கண்டார்? தான் போகாத ஒரு திசையில் இன்னொருவர் துணிந்து போகிறார் என்பதைக் கண்டு காட்டிய தாராளம் அது என்றே நான் நினைக்கிறேன். நன்றாக எழுதுகிறவர்களுக்கு அந்தத் தாராளம் இயல்பாக வரும். பின்னால் வந்தவர்கள் அந்த ஒரு வரியைச் சான்றிதழாக்கிச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார்கள். ஆண்டுக்கொரு பாட்டாக மூவாயிரம் ஆண்டுகளில் மூவாயிரம் பாட்டுப் பாடினார் என்று கதை சொல்லப்படும் திருமூலரின் பெயர், குறைவாக எழுதிய ஒருவருக்குப் பொருத்தமானதுதான். திருமந்திரத்தையும் நான் உரையின் கையைப் பிடித்துக்கொண்டுதான் படித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆக, வீடும் காசும் புழங்காத எழுத்தில் எனக்குப் பிடிமானம் கிடைப்பதில்லை என்று ஒரு விளக்கத்தை உண்டாக்கிக்கொண்டு, நெடுங்காலம் அதை வைத்தே ஓட்டிக்கொண்டிருந்தேன். லா.ச.ரா. என்ற எழுத்தாளர் லா.ச. ராமாமிருதத்தின் வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லும் தோழி ஒருத்தி எனக்கு உண்டு. அவளிடமும் இதைச் சொன்னேன். "அவர் கதையில வீடுதானடி எல்லாம்?" என்று ஒரே போடாகப் போட்டாள். உண்மைதான். 'பாற்கடல்' சிறுகதையில் கூட்டுக் குடும்பம் இருக்கிறது, தலைதீபாவளி இருக்கிறது, மாமியார் இருக்கிறார். ஆனால் லா.ச.ரா.விடம், அடுப்படியில் நிற்கிற பெண் அடுத்த பத்தியில் அம்பாளாகிவிடுகிறாள். இன்னும் கொஞ்ச நேரம் அவள் அடுப்படியிலேயே இருந்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றும். தோழிக்கோ அவள் அம்பாளாகும் அந்த நொடிதான் கதை. எங்கள் இருவரில் யாரும் இதுவரை விட்டுக்கொடுக்கவில்லை.

கல்கியின் விஷயம் எளியது, சீக்கிரம் சொல்லிவிடலாம். 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை வாரம் வாரம் வந்த தொடர்கதை. மணியத்தின் படங்களோடு பக்கங்களைக் கிழித்தெடுத்துப் பைண்டு செய்து வைத்திருந்த வீடுகள் எங்கள் பக்கத்தில் பல. என் அயித்தை வயதுப் பெண்கள், வீட்டின் இரண்டாம் கட்டில் உட்கார்ந்து ஒருத்தி படிக்க மற்றவர்கள் கேட்க, அதோடு கூடவே வளர்ந்தவர்கள். ஒவ்வொரு அத்தியாயத்தின் கடைசியிலும் ஒரு கதவு தட்டப்படும், ஒரு நிழல் அசையும், யாரோ ஒருவர் முகத்தைப் பார்த்துத் திடுக்கிடுவார். அதற்குப் பிறகு அவர்களுக்கு ஆறு நாள் இருந்தது, அந்த ஆறு நாளும் பேசுவதற்கு ஆளும் இருந்தது. நான் ஐந்து பாகத்தையும் மொத்தமாக வாங்கி ஒரே மூச்சில் படிக்கத் தொடங்கியதால், ஒரு நாளைக்குப் பத்துத் தடவை திடுக்கிட வேண்டியிருந்தது. வந்தியத்தேவன் மூன்றாம் பாகத்தில் எங்கே போய்க்கொண்டிருந்தான் என்று இன்று கேட்டால் எனக்குத் தெரியாது. எழுதிய முறையும் படித்த முறையும் பொருந்தவில்லை என்பதற்கு மேல் அதில் ஆராய ஒன்றுமில்லை.

கம்பனைப் பற்றி இந்த ஊரில் இருந்துகொண்டு இப்படி எழுதுவதற்குத்தான் துணிச்சல் வேண்டும். கம்பன் அடிப்பொடி சா. கணேசன் 1939இல் தொடங்கிய கம்பன் கழகத்தின் ஊர் இது. பங்குனி மாதத்தில் காரைக்குடியில் தொடங்கும் விழா, அத்தத் திருநாளன்று நாட்டரசன்கோட்டையில் கம்பன் சமாதி இருக்கும் இடத்தில் நிறைவுபெறும். எங்கள் வீட்டில் அதுவும் ஒரு நல்லநாள் பெரியநாள்தான். எங்கள் வழக்கில் அப்பச்சி என்று சொல்லும் அப்பா முன்வரிசையில் போய் உட்கார்ந்துகொள்வார். நாங்கள் பெண் பிள்ளைகள் பக்கவாட்டில் பாய் விரித்த இடத்தில் இருப்போம். பேச்சாளர் ஒரு பாட்டின் முதலடியைச் சொல்லிவிட்டு நிறுத்துவார். கூட்டத்தில் பாட்டுத் தெரிந்தவர்களின் உதடுகள் அடுத்த அடிக்கு முன்னதாகவே அசையத் தொடங்கும். அவர் சொல்லி முடித்ததும் எழும் அந்த "ஆகா"வில் கலந்துகொள்ளாமல் யாராலும் இருக்க முடியாது, என்னாலும் முடிந்ததில்லை.

கம்பராமாயணத்தின் நாட்டுப்படலத்தில் ஒரு பாட்டு. தாமரைப் பூவில் அன்னக்குஞ்சு கிடக்கிறது. சேற்றில் கால் புதைய வந்த எருமை, வீட்டில் விட்டுவந்த கன்றை நினைத்துக் கனைக்கிறது; நினைத்த மாத்திரத்தில் மடியிலிருந்து பால் தானாகச் சொரிகிறது. அந்தப் பாலைக் குடித்து அன்னக்குஞ்சு தூங்க, பச்சைத் தேரைகள் தாலாட்டுப் பாடுகின்றன. கண்மாயில் தண்ணீர் நின்றாலே அது நல்ல வருஷம் என்று சொல்லும் செம்மண் சீமையில், பங்குனி வெயிலில் புழுங்கிக்கொண்டு இந்தப் பாட்டைக் கேட்கும்போது உடம்பே குளிர்ந்துபோகும். ஆளில்லாத வயலில், தாய் வேறு, பிள்ளை வேறு, பாடுகிறது வேறு என்று மூன்று வெவ்வேறு உயிர்களைக் கொண்டு ஒரு தொட்டில் கட்டிவிட்டாரே என்று பேச்சாளர் விரித்துச் சொன்னதை இன்றைக்கும் என்னால் சொல்ல முடியும்.

அதே பாட்டைப் புத்தகத்தில் தேடிப் போனபோதுதான் சிக்கல் தொடங்கியது. அதற்கு முன்னும் பின்னும் அதே போன்ற பாட்டுகள் ஐம்பதுக்கு மேல் இருக்கின்றன. ஒன்றில் மீன் துள்ளுகிறது, ஒன்றில் தேன் பாய்கிறது, ஒன்றில் கரும்புச்சாறு ஓடி வயலில் கலக்கிறது. இதற்கு முன்னால் ஆற்றுப்படலம் முடிந்திருக்கிறது. அடுத்து நகரப்படலம் காத்திருக்கிறது. இராமன் பிறப்பதற்கு இன்னும் எவ்வளவோ போக வேண்டும். மேடையில் ஒரு பாட்டுக்குக் கால்மணி நேரம் கிடைத்தது. புத்தகப் பக்கத்தில் அதற்கு நான்கு வரி இடம்தான், உடனே அடுத்தது வந்து நிற்கிறது. ஏறத்தாழ 10,500 பாட்டுகளை இப்படித் தனியாக உட்கார்ந்து படித்து மகிழ்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பதை நான் நம்புகிறேன். அவர்களில் ஒருவர் என் அப்பச்சி. எனக்கு அது வாய்க்கவில்லை. கூட்டத்தோடு கேட்ட கம்பனும் தனியாகப் படித்த கம்பனும் எனக்கு இரண்டு கவிஞர்களாகவே இருக்கிறார்கள்.

இந்த விஷயத்தில் எனக்குக் கிடைத்த பெரிய ஆறுதல் ரசிகமணி டி.கே.சி. முதல் கம்பன் விழாவுக்குத் தலைமை தாங்கியவர் அவர். கம்பனை அவரளவுக்குக் கொண்டாடியவர்கள் குறைவு. அப்படிப்பட்டவர், தம் ரசனைக்கு ஒவ்வாத பாட்டுகளை எல்லாம் பிற்காலத்தார் நுழைத்த இடைச்செருகல் என்று சொல்லித் தள்ளிவிட்டு, தேர்ந்தெடுத்த பாட்டுகளை மட்டும் வைத்துக் கம்பராமாயணத்தைப் பதிப்பித்தார். புலவர்கள் கொதித்துப்போனார்கள். சுவடிகளை ஒப்பிட்டுப் பாட பேதம் பார்ப்பவர்களுக்கு அவர்மீது கோபம் வந்தது நியாயமே. ஆனாலும், நான் ரசிக்காதது கம்பன் எழுதியதே கிடையாது என்று ஒருவர் துணிந்து சொல்லிவிட்ட பிறகு, ரசிக்கவில்லை என்ற குற்றமே இல்லாமல் போய்விடுகிறதல்லவா? எனக்கு அந்தத் துணிச்சல் இல்லை. ஆனால் மனசுக்குள் அவரைப் போலவே நானும் ஒரு சின்னக் கம்பராமாயணம் வைத்திருக்கிறேன். அதில் வருணனை மிகக் குறைவு. போர்க்களத்தில் தம்பி வீடணன் வந்து அழைக்கும்போது, இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலமும் செய்து அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் அந்தப் பக்கம் வரமாட்டேன் என்று கும்பகருணன் மறுக்கும் இடம் முழுசாக இருக்கிறது. சாப்பிட்ட சோற்றுக்குக் கணக்குத் தீர்க்க நிற்கிற ஒருவனை எனக்குப் புரிந்துகொள்ள யாரும் உதவ வேண்டியதில்லை. வீடும் காசும் என்ற என் விளக்கத்துக்கு இதுவும் ஒரு சாட்சி என்று நினைத்துக்கொண்டேன்.

அந்த விளக்கத்தை அடியோடு ஆட்டியவர் ப. சிங்காரம். காசும் கணக்கும் இருந்தால் எனக்கு ஒட்டும் என்றால், வட்டிக்கடை உலகத்தையே எழுதியவர் எனக்கு முதலில் ஒட்டியிருக்க வேண்டும். அதிலும் அவர் பக்கத்து ஊர்க்காரர். 1920இல் சிங்கம்புணரியில் பிறந்து, இளம் வயதிலேயே இந்தோனேசியாவின் மெடான் நகரத்துக்கு வட்டிக்கடை வேலைக்குப் போய், இரண்டாம் உலகப் போரையும் ஜப்பானியர் ஆட்சியையும் அந்தப் பக்கம் இருந்து பார்த்தவர். ஊர் திரும்பி, மதுரையில் தினத்தந்தியில் வேலை பார்த்துக்கொண்டு, மனைவி இறந்த பிறகு மறுமணம் செய்துகொள்ளாமல் தனியாளாகவே வாழ்ந்து 1997இல் மறைந்தார். எழுதியவை இரண்டே நாவல்கள்: 1959இல் வெளிவந்த 'கடலுக்கு அப்பால்', 1972இல் வெளிவந்த 'புயலிலே ஒரு தோணி'. இரண்டாவதைத் தமிழின் தலைசிறந்த நாவல்களுள் ஒன்று என்று சொல்லாத தீவிர வாசகரை நான் பார்த்ததில்லை. வெளிவந்த காலத்தில் பெரிதாகக் கவனிக்கப்படாமல் இருந்து பிறகு கண்டெடுக்கப்பட்ட நாவல் என்பதால், அதைக் கொண்டாடுவதில் ஒரு பரிகாரம் செய்யும் வேகமும் சேர்ந்துகொள்கிறது.

பள்ளத்தூரிலிருந்து புத்தகம் மாற்றிக்கொள்ள வரும் தம்பி ஒருவர்தான் அதை என் கையில் கொடுத்தார். "ஆச்சி, இது உங்க வீட்டுக் கதை. நீங்க படிக்கலைன்னா வேற யாரு படிப்பாக?" என்றார். வட்டித்தொழிலுக்காகக் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன ஆண்களின் கதைதான் எங்கள் வீடுகளில் கதை என்பது அவருக்குத் தெரியும். மேலாள், அவருக்கு அடுத்த நிலையில் அடுத்தாள், பெட்டியடிப் பையன் என்று கடையில் வேலை பார்ப்பவர்களைக் குறிக்கும் சொற்களையும், கடையும் தங்குமிடமுமான கிட்டங்கியில் ஒவ்வொருவருக்கும் ஒரு பெட்டியும் ஒரு பாயும்தான் இடம் என்பதையும், மூன்று ஆண்டுக் கணக்கு முடிந்தால்தான் ஊர் திரும்பலாம் என்பதையும் யாரும் எனக்குச் சொல்லிக்கொடுத்ததில்லை; பேச்சோடு பேச்சாகக் காதில் விழுந்து வந்தவை அவை. எங்கள் ஐயாவுக்கு, அதாவது அப்பாவைப் பெற்றவருக்கு, பினாங்கில் கடை இருந்தது.

நாவலின் நாயகன் பாண்டியன். மெடானில் ஜப்பானியர் நுழைவதும், தொங்கான் என்ற பாய்மரக் கப்பலில் ஏறிப் பினாங்குக்குப் போகும் வழியில் புயலில் சிக்குவதும், இந்திய தேசிய ராணுவத்தில் சேர்வதும், பிறகு இந்தோனேசிய விடுதலைப் போரில் டச்சுக்காரர்களை எதிர்த்து நிற்பதுமாக அவன் வாழ்க்கை ஓடுகிறது. இடையிடையே கள்ளும் பீரும் அருந்திக்கொண்டு தமிழரின் பழம்பெருமையைக் கிழித்துத் தொங்கவிடும் பேச்சுகள். சின்னமங்கலத்துச் சந்தையும் மதுரைத் தெருக்களும் பாதி வாக்கியங்களாக நினைவில் வந்து வந்து போகும். இதையெல்லாம் படித்துத் தம்பி விழுந்து விழுந்து சிரித்தாராம். அந்தக் குடிப்பேச்சுகள் எனக்கு அலுப்பைத் தந்தன. நாலு ஆண்கள் கூடினால், தமிழ் எப்படி வீழ்ந்தது என்று பேசி முடித்துவிட்டுத்தான் இலை போடச் சொல்வார்கள் என்பதை எங்கள் வீட்டில் ஆண்கள் உட்காரும் பட்டாலையிலேயே போதுமான அளவு கேட்டாகிவிட்டது.

புயல் வரும் அத்தியாயத்தை மட்டும் விதிவிலக்காகச் சொல்ல வேண்டும். அலை தூக்கிப்போடுவதும், மரம் முறிவதும், மேல் எது கீழ் எது என்று தெரியாமல் மனிதர்கள் உருள்வதும் வாக்கியத்தின் ஓட்டத்திலேயே நடந்துவிடுகின்றன. அந்தப் பக்கங்களில் நான் சிங்காரத்தை முழுசாக ரசித்தேன். கப்பலேறிப் போனவர்களைப் பற்றி ஆயிரம் கேட்டிருந்தும், நடுக்கடல் எப்படி இருக்கும் என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. தெரியாத இடத்தை அவர் காட்டியபோது உடன் போக முடிந்தது. தெரிந்த இடத்துக்கு அவர் வந்ததும், நான் பேரேட்டைக் கையில் வைத்துக்கொண்டு பற்று வரவு பார்க்கத் தொடங்கிவிட்டேன்.

அந்தக் கணக்கில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது எனக்கு மெதுவாகத்தான் தெரிந்தது. ஜப்பான்காரன் பினாங்கில் குண்டு போட்டது 1941 டிசம்பரில். அதிலிருந்து சண்டை முடிந்த 1945 வரை அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்கும் போக்குவரத்து அற்றுப்போனது. அந்த ஆண்டுகளில் பாண்டியன் போன்றவர்கள் என்ன செய்தார்கள் என்பதைத்தான் நாவல் சொல்கிறது. என் அப்பத்தா சொன்னது மறுபாதி. "குண்டு போட்டான்னு சேதி வந்துச்சு. அதுக்குப் பெறகு கடுதாசி இல்லை, காசு இல்லை. இருக்காகளா இல்லையான்னு தெரியாம எதை வச்சுப் பொட்டு வைக்கிறது, எதை வச்சு அழிக்கிறது?" என்று கேட்பார். பூட்டின அறைகளில் ஒவ்வொன்றாகத் திறந்து, முதலில் வெள்ளிச் சாமான், பிறகு பித்தளை என்று வெளியே போனதைச் சொல்வார். அதுவும் ஊர் தூங்கின பிறகு, பின்கட்டு வாசல் வழியாக. திரும்பி வந்த ஐயாவிடம் எதை விற்றோம் என்று ஒரு நோட்டில் எழுதி வைத்துக் கணக்கு ஒப்பித்தாராம். ஐயா அதைப் பார்க்காமலே மடித்து வைத்துவிட்டார் என்பதுதான் அப்பத்தாவுக்குக் கடைசி வரை ஆறாத கோபம்.

இதை எழுதாதது சிங்காரத்தின் குறை என்று நான் சொல்லமாட்டேன். அவர் அந்தக் கரையில் இருந்தார், பார்த்ததை எழுதினார். அவர் நாவலில் பெண்கள் பெரும்பாலும் நினைவில் வருகிறார்கள், அல்லது விலைக்கு வருகிறார்கள். மனைவி மக்களை ஊரில் விட்டு வாழ்ந்த ஆண்களின் உலகம் உண்மையிலேயே அப்படித்தான் இருந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு பக்கத்திலும் என் காது இன்னொரு குரலுக்காகக் காத்துக்கொண்டிருந்தால், எழுதியவரின் குரலைக் கேட்டு எப்படி மகிழ்வது? சென்னையிலோ கோவையிலோ இருந்து படிக்கிறவருக்கு அந்த உலகம் முழுவதும் புதையல். அடுத்தாள் என்ற சொல்லே அவருக்கு இனிக்கும். எனக்கு அந்தச் சொல்லோடு அது தின்ற ஆண்டுகளும் சேர்ந்தே வருகின்றன.

என் ருசி எங்கே இருக்கிறது என்பதற்கு இன்னொரு தடயம், சிங்காரத்தின் ரசிகர்கள் ஒரு படி கீழே வைக்கும் 'கடலுக்கு அப்பால்' எனக்குப் பிடித்திருக்கிறது என்பது. அது நேர்கோட்டில் போகும் எளிய கதை. பினாங்கில் வட்டிக்கடை வைத்திருக்கும் வயிரமுத்துப் பிள்ளை, தன் கடையில் வேலை பார்த்த செல்லையாவுக்குத் தன் மகள் மரகதத்தைக் கொடுக்க மறுக்கிறார். நல்ல பையன், கெட்டிக்காரன், நம்பிக்கையானவன். எல்லாம் அவருக்குத் தெரியும். ஆனால் துப்பாக்கியைத் தூக்கிப் பட்டாளத்துக்குப் போய் வந்தவன் இனிமேல் பெட்டியடியில் அடங்கி உட்காரமாட்டான் என்று அவர் கணக்குப் போடுகிறார். அந்தக் கணக்கு கொடியது, ஆனால் அது தப்பான கணக்கு என்று அடித்துச் சொல்ல என்னால் முடியவில்லை. இந்த நாவலில் கடையோடு கூட ஒரு வீடும் இருக்கிறது. அந்த வீட்டில் மனைவி இருக்கிறாள், மகள் இருக்கிறாள், அவர்களுக்கென்று ஒரு மௌனமும் இருக்கிறது. அந்த வாசல் திறந்திருந்ததால் என்னால் உள்ளே போக முடிந்தது.

தம்பியிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. "வீட்டுக்குள்ள இருந்துக்கிட்டே உலகத்தைப் பார்க்கணும்னா எப்படி ஆச்சி? அவரு அந்த வீட்டை விட்டு வெளியே போனதுதானே பெரிய விஷயம்?" என்றார். வலுவான கேள்விதான். வெளியே போகிறவர்களைப் படிக்க எனக்கு மறுப்பில்லை. போனவர் விட்டுப்போன இடத்தில் யார் இருந்தார்கள் என்ற ஞாபகம் எழுத்தில் எங்காவது ஒரு மூலையில் இருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறேன். அந்த எதிர்பார்ப்பு எல்லா எழுத்துக்கும் பொருந்தாது என்பதும், பொருந்தாத இடத்தில் நான் இழப்பது நிறைய என்பதும் தெரிந்துதான் சொல்கிறேன். மௌனியிடமும் லா.ச.ரா.விடமும் மற்றவர்கள் எடுத்துக்கொண்டு வருவதைப் பார்த்தால் எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கிறது. பொறாமை வந்தால் புத்தகத்தை மறுபடி எடுப்பேன், சில பக்கம் போவேன், வைத்துவிடுவேன்.

உள்ளூரில் நாங்கள் சிலர் கூடிப் படிக்கிறோம். அடுத்த கூட்டத்தில் ஆளுக்கொரு எழுத்தாளரைப் பற்றிப் பேச வேண்டும் என்று முடிவானபோது, நான் சிங்காரத்தைப் பேசுவேன் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். நான் கு. அழகிரிசாமி என்றேன். தம்பிக்கு முகம் சுருங்கிவிட்டது. "அவரை என்னால முழுசாப் படிக்க முடியலை ஆச்சி. ஒண்ணுமே நடக்க மாட்டேங்குதே" என்றார். 'ராஜா வந்திருக்கிறார்' படித்தாரா என்று கேட்டேன். படித்திருக்கிறார், தீபாவளிக்கு ஓர் ஏழைப் பையன் வருகிறான், துணி கொடுக்கிறார்கள், அவ்வளவுதானே என்றார். தாயம்மாள் தன் கணவனுக்கென்று வாங்கி வைத்திருந்த துண்டு அது, அவனுக்குக் கொடுக்க வீட்டில் வேறு துணி கிடையாது, எடுத்துக் கொடுப்பதற்கு முன் அவள் தயங்குகிறாள், அந்தத் தயக்கத்தைக் கவனித்தாரா என்று கேட்டேன். "துண்டுதானே ஆச்சி?" என்றார். எனக்குக் கோபம் வந்தது. பிறகு, குடிப்பேச்சைப் பற்றி நான் சொன்னபோது அவருக்கும் இப்படித்தான் வந்திருக்கும் என்று நினைத்து அடக்கிக்கொண்டேன். கடைசியில் அடுத்த கூட்டத்தில் அவர் புயலைப் பற்றி அரைமணி நேரமும் நான் அந்தத் துண்டைப் பற்றி அரைமணி நேரமும் பேசுவது என்று பேசி வைத்திருக்கிறோம்.